குடும்ப வீணை உங்கள் கைக்கு வந்தால்: பரணிலிருந்து இறக்குவது முதல் மேளம் கட்டுவது வரை, முழுமையான வழிகாட்டி

பாட்டியோ அத்தையோ வாசித்த தஞ்சாவூர் வீணை ஒன்று பல வருடம் பரணில் கிடந்துவிட்டு உங்கள் கூடத்துக்கு வந்திருக்கிறது. தூசு படிந்த குடம் (உருண்டையான பெரிய பாகம்), கறுத்த தந்திகள், சாய்ந்து நிற்கும் குதிரை (தந்திகளைத் தாங்கும் பாலம்), மெழுகிலிருந்து பெயர்ந்த ஓரிரு மெட்டுகள் (தந்தியை அழுத்தும் இடத்தில் இருக்கும் உலோகப் பட்டைகள்). இப்படி ஒரு வீணை வந்ததும் பலர் முதலில் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். அடுத்து எல்லாத் தந்திகளையும் ஒரேயடியாகக் கழற்றுகிறார்கள். பிறகு நேரே மேளம் கட்ட, அதாவது மெழுகை மாற்றி மெட்டுகளைச் சுரத்துக்குப் பதிக்க, கொண்டுபோகிறார்கள். இந்த மூன்றில் எதுவுமே அதனதன் நேரத்தில் நடப்பதில்லை. மேளம் கட்டிய கையோடு குதிரையில் கோளாறு தெரியவரும், அதைச் சரிசெய்ததும் மெட்டுகளின் சுரம் மாறிவிடும், மறுபடியும் மேளம் கட்டக் காசு கொடுக்க வேண்டிவரும்.

அதனால் இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்வது வரிசையை. முதலில் மரம், அடுத்து பிரடை (தந்தியை முறுக்கும் திருகு), குதிரை, தந்தி. சுருதி நின்ற பிறகுதான் மெழுகு.

1. தொடும் முன் கைவசம் வேண்டியவை

உலர்ந்த பருத்தித் துணி இரண்டு, மென்மையான பெயிண்ட் பிரஷ் ஒன்று, டார்ச் லைட், பென்சில், 6 அங்குல எஃகு அடிக்கோல், சாக்பீஸ், ஜிப் வைத்த சிறு பிளாஸ்டிக் பைகள், பெயர் எழுத ஒட்டுத்தாள். போனில் ஒரு ட்யூனர் ஆப், ஒரு சுருதிப் பெட்டி ஆப். கண்ணாடி அணிபவர் அணிந்துகொள்ளுங்கள், அணியாதவர் ஏதாவது ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துருவேறிய எஃகுத் தந்தி தெறித்தால் முகத்தை நோக்கித்தான் வரும்.

தரையில் பாயும் அதன்மேல் மடித்த போர்வையும் விரியுங்கள். மேஜைமேல் வைத்து வேலை செய்ய வேண்டாம். குடத்தின் அடி உருண்டை, ஒரு பக்கம் அழுத்தினாலே வீணை உருளும்.

2. தூக்குவது எப்படி

வலது கை குடத்தின் அடியில், இடது கை தண்டியின் (மெட்டுகள் வரிசையாக இருக்கும் நீண்ட பாகம்) அடியில். தூக்க வேறு வழி கிடையாது. தண்டியின் நுனியில் இருக்கும் யாளியின் கழுத்தைப் பிடித்துத் தூக்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பல வீணைகளில் யாளிமுகம் தனியாகச் செய்து ஒட்டியது. பழைய ஒட்டு எந்த நேரமும் விட்டுக்கொடுக்கும். பிரடையையோ சுரைக்காயையோ பிடித்துத் தூக்குவதும் அதே அளவு ஆபத்து.

சுரைக்காய் தண்டியின் அடியில் திருகாணியில் நிற்கிறது. உண்மையான சுரைக்காயாக இருந்தால் காய்ந்து முட்டை ஓடு மாதிரி ஆகியிருக்கும். காகிதக்கூழிலும் பைபரிலும் செய்தவை கொஞ்சம் தாங்கும். எதுவானாலும் முதலில் அதை மெல்லத் திருகிக் கழற்றி, துணியில் சுற்றித் தனியே வைத்துவிடுங்கள். திருகவே வரவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

3. கலைக்கும் முன் பதிவு செய்யுங்கள்

எதையும் அவிழ்ப்பதற்கு முன் படம் எடுங்கள். முழு வீணை, குதிரை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், குடத்தின் ஓரத்தில் தந்திகளைப் பிடித்திருக்கும் நாகபாசத்தில் லங்கர் (தந்தியின் முனையை மாட்டும் கம்பி) மாட்டியிருக்கும் விதம், ஒவ்வொரு பிரடைக்கும் எந்தத் தந்தி போகிறது, மெட்டுகளின் வரிசை. பிறகு எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர இந்தப் படங்கள்தான் உதவும்.

குதிரையின் கால்கள் மேல்பலகையில் எங்கே நிற்கின்றன என்பதை மூலைகளில் பென்சிலால் மிக லேசாகக் குறியுங்கள். குதிரை பலகையில் ஒட்டியிருப்பதில்லை, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அது ஏற்கெனவே விழுந்திருந்தால் டார்ச்சைப் பலகைக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பல வருடம் கால் பதிந்த இடத்தில் பாலிஷ் நிறம் மாறாமல், ஓரங்களில் மெல்லிய தூசுக் கோட்டோடு, இரண்டு சின்னச் செவ்வகங்கள் தெரியும். அதுதான் குதிரையின் இடம். ஊகித்து வைக்க வேண்டியதில்லை.

அடுத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி அளவில், வாசித்தார்கள்? யாரிடம் கற்றுக்கொண்டார்கள்? கடைசியாக மேளம் கட்டியது யார், எந்த ஊரில்? அந்த ஆசாரியின் பட்டறை இன்னும் நடக்கிறதா? “அம்மா ரெண்டரைக் கட்டைக்குத்தான் வெச்சிருப்பா” என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எந்தச் சுருதிக்கு இந்த வீணை பழகியிருக்கிறது, எந்தக் கனத்தில் தந்தி போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்தே தெரியும்.

பெட்டியின் உள்துணி, பை, தண்டியின் உள்ளறை எல்லாவற்றையும் தேடுங்கள். சில வீணைகளில் பிரடைகளுக்கு அருகே மூடி போட்ட சிறு குழி இருக்கும். வாசித்தவரின் நெளி (மீட்டும் விரலில் மாட்டும் கம்பி), சுருட்டி வைத்த தந்தி, எண்ணெய் தொட்ட பஞ்சு எல்லாம் அதற்குள் கிடைக்கும். பழைய தந்தியைத் தூக்கிப் போடாதீர்கள். கடையில் அதே கனத்தைக் கேட்க அதுதான் மாதிரி.

4. எந்த வகை வீணை?

வகை தெரிந்தால்தான் சரியான ஆசாரியிடம் போக முடியும். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்தது. குடம் பெரியது, மேல்பலகையில் இரண்டு இடங்களில் வட்டமாகச் சிறு துளைகள். ஆந்திரத்தின் பொப்பிலி வீணையும் பலாதான், ஆனால் முழுக்க ஒரே மரத்தில் குடைந்தது. மைசூர் வீணைகள் பல கருநிறமாக இருக்கும், குடமும் சற்றுச் சிறியது. எல்லாவற்றிலும் மெட்டு 24, தந்தி 7. வாசிக்கும் தந்தி நான்கு, தாளத் தந்தி மூன்று.

தஞ்சாவூர் வீணையிலேயே குடம், தண்டி, யாளி மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. “எங்க வீணை ஏகாந்தம்” என்று குடும்பத்தில் சொல்லிவருவது சரிதானா என்று நீங்களே பார்க்கலாம். முன்பக்கம் இணைப்பை அலங்காரப் பட்டை மறைத்திருக்கும், அதனால் பின்பக்கம் பாருங்கள். குடத்திலிருந்து தண்டிக்கு மரத்தின் ரேகை அறுபடாமல் ஓடினால் ஒரே மரம். குறுக்கே ஒரு கோட்டில் ரேகையின் திசை மாறினால் ஒட்டு.

ஒட்டு வீணை என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். நன்றாகச் செய்த ஒட்டு வீணையின் நாதத்தில் குறை இருக்காது. ஆனால் அடுத்த சோதனையில் அந்த இணைப்பை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

5. வெள்ளை அலங்காரம் தந்தமா?

பழைய வீணைகளில் குடத்தின் விளிம்பிலும் தண்டியின் ஓரத்திலும் தந்தமோ மான் கொம்போ பதித்திருப்பார்கள். பிற்காலத்தில் பிளாஸ்டிக் வந்தது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு, செய்யாதீர்கள். அலங்காரத்தில் நிரந்தர வடு விழும்.

இது சட்டம் சார்ந்த விஷயமும் கூட. தந்தப் பொருள்களை விற்பதும் வாங்குவதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாரிசாகப் பெறுவதற்குச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் பெற்ற 90 நாட்களுக்குள் மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளருக்கு அறிவிக்கச் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இதைத் தீர்க்காமல் விமான நிலையம் வரை போகவே வேண்டாம்.

6. மரத்தைச் சோதிப்பது

பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். நான்கு இடங்கள் முக்கியம்: மேல்பலகை குடத்தோடு சேரும் விளிம்பு, குடமும் தண்டியும் சேரும் கழுத்து, யாளியின் அடி, நாகபாசம் பிடித்திருக்கும் இடம். இழுவிசை முழுவதும் இங்கேதான் விழுகிறது.

விரிசல் தெரிந்தால் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டாமல் போனால் பெரும்பாலும் பாலிஷ் வெடிப்புதான். நகம் தட்டினால் மரமே பிளந்திருக்கிறது. பிறகு விரல் முட்டியால் பலகையைச் சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறி ‘சடசட’ என்று கேட்டால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது.

சிறு துளைகள் இருந்தால் வீணைக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்து இரண்டு நாள் விடுங்கள். மாவு போன்ற தூள் தாளில் விழுந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. துளையின் உள்பக்கம் கறுத்து, தூளும் விழவில்லை என்றால் பழைய கதை. மண்ணெண்ணெய் தடவுவது, கறையான் மருந்து அடிப்பது எல்லாம் வேண்டாம். பாலிஷ் போய்விடும், வாடை பல வருடம் நிற்கும். ஆசாரியிடம் காட்டுங்கள், அதுவரை மற்ற மரச் சாமான்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

கடைசியாக, யாளிப் பக்கம் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டியின் நீளத்துக்குப் பாருங்கள். தண்டி நேராக ஓட வேண்டும். நடுவில் குழிந்து தந்திகள் மெட்டுகளை விட்டு உயரமாகத் தெரிந்தால் தண்டி வளைந்திருக்கிறது. பிளவு, வளைவு, ஒட்டு விட்டது ஆகிய மூன்றில் எது இருந்தாலும் 9ஆம், 10ஆம், 11ஆம் படிகளை நிறுத்திவிட்டு நேரே 12ஆம் படிக்குப் போங்கள். பழுதுள்ள மரத்தில் தந்தியை முறுக்கினால் அந்தப் பழுது பெருகும்.

7. சுத்தம்

முதலில் பிரஷ், பிறகு உலர்ந்த துணி. அவ்வளவுதான். தந்திகளுக்கு அடியில் மெட்டுகளுக்கிடையே தேங்கிய தூசியை பிரஷ்ஷால் நீளவாக்கில் தள்ளுங்கள். குறுக்கே தேய்த்தால் தூசி மெழுகில் புதையும்.

சானிடைசர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் அருகில் வரக்கூடாது. பழைய வீணைகளின் பளபளப்பு பெரும்பாலும் அரக்குப் பாலிஷ். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், ஒரே துடைப்பில் மரம் வெளுத்துவிடும். மெட்டுகள் வெண்கலம் என்பதால் புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். அந்த ஈரமும் பசையும் மெழுகுக்கும் மெட்டுக்கும் இடையே இறங்கினால் மெட்டு பிடிப்பை இழக்கும். கறுத்த மெட்டு சுரத்தைக் கெடுப்பதில்லை, அப்படியே இருக்கட்டும்.

8. பிரடைகள்

ஏழு பிரடைகளும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் துளைக்கு இழைத்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் வெளியே எடுங்கள். இரண்டை மாற்றிப் போட்டுவிட்டால் இரண்டுமே நிற்காது.

இறுகிப்போன பிரடைக்குக் காய்ந்த சோப்புத் துண்டை ஒருமுறை தேய்த்தால் போதும். வழுக்கும் பிரடைக்கு சாக்பீஸ். எண்ணெய் மட்டும் கூடாது, எண்ணெய் குடித்த துளையில் பிரடை பிறகு எந்தக் காலத்திலும் நிற்காது. முறுக்கும்போது உள்ளே அழுத்திக்கொண்டே திருக வேண்டும். வெறுமனே திருகிவிட்டு “பிரடை நிக்கவே மாட்டேங்குது” என்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த அழுத்தம்தான் பழகவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரடை உப்பி இறுகும், பங்குனி வெயிலில் சுருங்கி நழுவும். காலத்தோடு வருகிற இந்த மாற்றத்துக்காக பிரடையைச் சீவக் கொடுக்காதீர்கள்.

9. தந்தி மாற்றுவது

ஒரு தந்தியைக் கழற்றி, புதியதைப் போட்டு, ஓரளவு முறுக்கிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் குதிரை விழும். பல வருடம் அழுத்தத்தில் இருந்த மேல்பலகை திடீரென விடுபடும், பழைய ஒட்டுகள் பிரிய அதுவே போதும்.

வாசிக்கும் தந்திகள் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். முதல் இரண்டும் எஃகு. மற்ற இரண்டும் பித்தளையாகவோ உலோகக் கம்பி சுற்றியதாகவோ இருக்கும். தாளத் தந்திகள் பக்க சாரணி, பக்க பஞ்சமம், ஹெச்சு சாரணி, மூன்றும் மெல்லிய எஃகு. கடையில் “வீணை செட்” என்று மட்டும் கேட்காமல் சுருதியைச் சொல்லி, பழைய தந்தியையும் காட்டுங்கள்.

கை பழகுவதற்குத் தாளத் தந்தி ஒன்றில் தொடங்குங்கள். அதன் இழுவிசை குறைவு, குதிரை அசையாது. தந்தியின் ஒரு முனையில் சிறு வளையம் போட்டு, தன்மேல் தானே நெருக்கமாக ஆறேழு முறை முறுக்கிக்கொள்ளுங்கள். முறுக்கு தளர்வாக இருந்தால் சுருதி ஏறும்போது வளையம் அவிழும். வளையத்தை லங்கரில் மாட்டி, தாளத் தந்தியானால் குதிரையின் பக்கவாட்டு வளைவின்மேல் வைத்து அதன் பிரடைக்குக் கொண்டுபோங்கள்; வாசிக்கும் தந்தியானால் குதிரையின் ரேக்கில் (மேலுள்ள உலோகத் தகடு) அதற்குரிய இடத்தில் வைத்து, மேருவின் (முதல் மெட்டுக்கு முன் தந்தி தாங்கும் மேடு) காடி வழியாக பிரடைக்குக் கொண்டுபோங்கள். பிரடையில் மூன்று நான்கு சுற்று போதும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் படிய வேண்டும். ஏறிப் படிந்த சுற்று வாசிக்கும்போது சரியும், அப்போது சுருதி இறங்கும்.

லங்கரில் இருக்கும் சிறு வளையங்கள் நுண்ணிய சுருதிக்கானவை. அவற்றை நடுவில் நிறுத்திவிட்டு பிரடையால் சுருதிக்கு அருகே வாருங்கள். மிச்சத்தை லங்கரில் சேர்த்தால் இரு திசையிலும் இடம் இருக்கும்.

10. சுருதியை ஏற்றுவது

இங்கே அவசரம் கூடாது. பல வருடம் தளர்ந்து கிடந்த வீணையை ஒரே மாலையில் சுருதிக்குக் கொண்டுவந்தால் பலகையும் கழுத்தும் அந்த இழுவைக்குப் பழக நேரம் கிடைக்காது. இலக்கு 2½ கட்டை என்றால் முதல் நாள் 1 கட்டையில் நிறுத்துங்கள். ஓரிரு நாள் விட்டு 2, மறுபடி ஓரிரு நாள் விட்டு 2½. ஒவ்வொரு முறையும் 6ஆம் படியில் சொன்ன நான்கு இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கழுத்தில் தலைமுடி அளவு கோடு புதிதாகத் தெரிந்தால் உடனே இறக்கிவிடுங்கள்.

சாரணி மத்திய ஸ்தாயி ஸட்ஜம், அடுத்தது அதற்குக் கீழே பஞ்சமம், மந்தரம் கீழ் ஸட்ஜம், அனுமந்தரம் அதற்கும் கீழ்ப் பஞ்சமம். ஒன்றை முழுவதுமாக ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல் நான்கையும் சுற்றுச் சுற்றாக ஏற்றுங்கள். முறுக்க முறுக்கத் தந்தி குதிரையின் தலையை யாளிப் பக்கம் இழுக்கும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பக்கவாட்டில் பார்த்து, சாய்ந்திருந்தால் இரு கையாலும் பிடித்து மெல்ல நிமிர்த்துங்கள். சாய்ந்த குதிரை ஒரு நாள் ‘படார்’ என்று விழும், விழுந்தால் பலகையில் வடு நிச்சயம்.

பெரிய வீணைகள் பெரும்பாலும் 2 முதல் 3 கட்டைக்குள் நன்றாகப் பேசும். வீட்டில் பாடும் பெண்ணின் 5 கட்டைக்கு ஏற்ற நினைத்தால் சாரணி அறுந்துகொண்டே இருக்கும். பாட்டுக்கு வீணையை வளைக்காதீர்கள்.

11. மெட்டுகளைச் சோதிப்பது

சுருதி இரண்டு மூன்று நாள் நகராமல் நின்ற பிறகு செய்ய வேண்டிய சோதனை இது. எதில் கோளாறு என்று தெரியாமல் “எல்லாம் அபஸ்வரமா இருக்கு, மேளம் கட்டிடுங்க” என்று ஆசாரியிடம் சொல்வதுதான் வீண் செலவின் ஆரம்பம். கோளாறு எங்கே இருக்கிறது என்பதை மெட்டுகளே சொல்லும்.

சாரணியை ஸட்ஜத்தில் சேருங்கள். மேருவிலிருந்து எண்ணினால் 7ஆம் மெட்டில் பஞ்சமம், 12ஆம் மெட்டில் மேல் ஸட்ஜம் வர வேண்டும். பஞ்சமத் தந்தியில் 5ஆம் மெட்டை அழுத்தினால் அது திறந்த சாரணியோடு ஒன்றிப்போக வேண்டும். பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் மூன்றிலும் 12ஆம் மெட்டைப் பாருங்கள், திறந்த தந்தியின் சுரமே மேல் ஸ்தாயியில் வர வேண்டும். நேராக, மெதுவாக அழுத்துங்கள். கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்தாலும் சுரம் ஏறிவிடும், குற்றம் மெட்டின்மேல் விழும். முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள்.

நான்கு தந்திகளிலும் 12ஆம் மெட்டு ஒரே மாதிரி ஏறியோ இறங்கியோ பேசினால் குதிரை இடம் மாறியிருக்கிறது. ஏறிப் பேசினால் அது யாளிப் பக்கம் நகர்ந்திருக்கிறது, இறங்கிப் பேசினால் நாகபாசத்தின் பக்கம். தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, குதிரையை 3ஆம் படியில் குறித்த கால்தடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். இது காசில்லாமல் தீரும் கோளாறு.

ஒரு தந்தியில் மட்டும் எல்லா மெட்டும் தப்பினால் அந்தத் தந்தி பழசு, அல்லது கனம் ஒத்துவரவில்லை. மாற்றிப் பாருங்கள்.

ஒரு மெட்டு மட்டும் எல்லாத் தந்தியிலும் தப்பினால் அந்த இடத்தில் மெழுகு இறங்கியிருக்கிறது. அடிக்கோலை நிறுத்தி மூன்று மெட்டுகளின் மேல் வையுங்கள். கோல் ஆடினால் நடு மெட்டு உயர்ந்திருக்கிறது. நடு மெட்டுக்கும் கோலுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அது தாழ்ந்திருக்கிறது. ஒரு மெட்டை அழுத்தும்போது ‘ஜிர்’ என்று அதிர்ந்தால் அதற்கு அடுத்து குடத்தின் பக்கம் உள்ள மெட்டைச் சந்தேகப்படுங்கள்.

அங்கங்கே பல மெட்டுகள் தப்பி, மெழுகும் வெடித்திருந்தால் மேளம் கட்டும் காலம் வந்துவிட்டது.

எந்த மெட்டில் வாசித்தாலும், திறந்த தந்தியிலும்கூட, நாதம் மொண்ணையாகவோ கரகரப்பாகவோ இருந்தால் மெட்டைப் பார்க்காதீர்கள். குதிரையின்மேல் இருக்கும் உலோக ரேக்கில் தந்தி பள்ளம் போட்டிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பள்ளங்கள் மினுங்கும் கோடுகளாகத் தெரியும்.

பெயர்ந்து விழுந்த மெட்டை எண் எழுதிப் பையில் போடுங்கள். இடப்பக்கம் எது என்று தெரிந்தால் அதையும் குறியுங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள், மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றாதீர்கள். பசை இறங்கிய இடத்தில் புது மெழுகு பிடிக்காது, ஆசாரி சுரண்டி எடுக்கத்தான் நேரமாகும்.

12. ஆசாரியிடம் கொண்டுபோவது

எடுத்துச் செல்லும்போது தந்திகளை இருக்கும் சுருதியிலிருந்து ஒரு கட்டை இறக்குங்கள், முழுதாகத் தளர்த்த வேண்டாம். குதிரையின் இரு பக்கமும் துணிச் சுருள் வைத்துக் கட்டுங்கள், யாளிக்கு ஒரு டவல் சுற்றுங்கள். காரின் பின்சீட்டில் மெட்டுகள் மேல்நோக்கி இருக்க வேண்டும். வழியில் சாப்பிட இறங்கினால் வீணையும் இறங்கட்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய கார் அந்த வேலையைச் செய்துவிடும்.

வேலையின் வரிசையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முதலில் மரப் பழுது, விட்ட ஒட்டு. அடுத்து பிரடைத் துளைகள். பாலிஷ் போடத்தான் வேண்டும் என்றால் அடுத்து. பிறகு குதிரையின் ரேக்கு. அதன்பின் புதுத் தந்தி, சுருதி. கடைசியில் மேளம்.

காரணம் இதுதான். மேளம் கட்டும்போது பழைய மெழுகை எடுத்துவிட்டு, தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்து உருக்கித் தண்டியின் இரு ஓரமும் வரப்பாகக் கட்டுவார்கள். பிறகு வீணையைச் சுருதியில் வைத்து, ஒவ்வொரு மெட்டாக வைத்து, தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, முன்னும் பின்னும் நகர்த்திப் பதிப்பார்கள். அந்தச் சுருதிக்கும், அந்தத் தந்தியின் கனத்துக்கும், அந்தக் குதிரையின் உயரத்துக்கும்தான் அந்த 24 இடங்களும் பொருந்தும். பிறகு ரேக்கை அராவினால் தந்தியின் உயரம் மாறும், அழுத்தும்போது ஏறும் சுரமும் மாறும். கனமான தந்திக்கு மாறினாலும் அப்படியே. அதனால் எந்தக் கட்டை என்று முடிவு செய்யாமல் மேளம் கட்டக் கொடுக்காதீர்கள்.

பாலிஷ் பற்றி என் கருத்து: தேவையில்லாவிட்டால் தொடாதீர்கள். பழையதைச் சுரண்டி எடுத்துப் புதுசு போட்ட வீணை புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். பழைய சித்திர வேலையும் ஓரக் கோடுகளும் அந்தச் சுரண்டலில் போய்விடும், திரும்ப வராது.

பழைய மெட்டுகளையே வைக்க முடியுமா என்று கேளுங்கள். தேய்ந்த பள்ளத்தை அராவிச் சமன்செய்து மீண்டும் பதிக்கலாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் கழற்றிய மெட்டுகளையும் ரேக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். “ஐயா, நான் ரெண்டரைக் கட்டைக்கு வாசிக்கிறேன், தந்தி இதேதான் இருக்கும்” என்று சொல்லி, நீங்கள் எழுதிய தாளையும் கொடுங்கள். வாங்கி வரும்போது அங்கேயே உட்கார்ந்து 11ஆம் படியை முழுவதும் திரும்பச் செய்யுங்கள். நல்ல ஆசாரி இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், உடன் உட்கார்ந்து கேட்பார்.

13. தினப்படிக் கவனிப்பு

வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் அடியும் மேலுமாகத் துடையுங்கள். இடது விரலுக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய் எண்ணெய் துளியளவு போதும், மிஞ்சினால் தூசியோடு சேர்ந்து மெட்டில் பிசுக்காகப் படியும். பாயிலோ மெத்தையிலோ கிடையாக வையுங்கள். சுவரில் சாய்த்தால் குழந்தையோ பூனையோ போதும்.

ஏ.சி. காற்று நேரே படும் இடம், ஜன்னல் வெயில், சமையலறைச் சுவர் மூன்றும் வேண்டாம். இரவு ஏ.சி., பகல் புழுக்கம் என்று மாறி மாறி வரும் அறை, எப்போதும் ஒரே மாதிரி சூடாக இருக்கும் அறையைவிட மரத்துக்குக் கெடுதல். மழைக்காலத்தில் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைக்காமல் வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். ஈரம் உறிஞ்சும் பாக்கெட் போடலாம். அந்துருண்டை வேண்டாம், நெடி மரத்தில் ஏறினால் போகாது.

சரஸ்வதி பூஜையன்று சந்தனமும் குங்குமமும் நேரே மரத்தில் வைக்காதீர்கள். ஈரச் சந்தனம் பாலிஷில் வட்டமாகக் கறை விடும், குங்குமம் அலங்காரப் பள்ளங்களில் இறங்கிவிடும். பட்டுத்துணியைச் சாத்தி அதன்மேல் பொட்டு வையுங்கள். நீர் தெளித்த பூச்சரம் தந்தியில் படாமல் இருக்கட்டும், விளக்கு எட்ட இருக்கட்டும்.

14. வீட்டில் வாசிக்க ஆளில்லை என்றால்

தந்திகளை முழுதாகத் தளர்த்திவிட்டுப் பெட்டியில் போடுவதே வழக்கம். அது வேண்டாம். வாசிப்பு சுருதியிலிருந்து இரண்டு கட்டை இறக்கி வைத்தால் குதிரையும் நிற்கும், கழுத்துக்கும் பாரம் இருக்காது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, துடைத்து, விரிசலும் தூளும் பார்த்து, ஒவ்வொரு பிரடையையும் சற்றே அசைத்து வையுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கும் வீணை ஆசிரியரிடம் சொல்லி, சொந்த வீணை வாங்க முடியாத மாணவிக்கு ஒரு வருடத்துக்கு வாசிக்கக் கொடுங்கள். சுருதி, தந்தியின் கனம், மேளம் கட்டிய தேதி, ஆசாரியின் போன் எண், பழுது வந்தால் செலவு யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு நகலைப் பெட்டிக்குள் வைத்து, 3ஆம் படியில் எடுத்த படங்களையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.